கள்ளுக்கடை மூடிய மூன்றாம் நாள்

அத்தியாயம் 6

1937 அக்டோபர் 1, வெள்ளிக்கிழமை. சேலம் ஜில்லாவில் அன்று கள்ளுக்கடையும் இல்லை, சாராயக்கடையும் இல்லை. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு, ஓமலூர், ஆத்தூர் மட்டுமல்ல, இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரியும் சேர்ந்ததுதான் அன்றைய சேலம் ஜில்லா. ஜூலையில் சென்னை மாகாணப் பிரதமரான ராஜாஜி, மூன்று மாதத்துக்குள் சட்டம் கொண்டுவந்து, தான் வக்கீலாகவும் நகரசபைத் தலைவராகவும் இருந்த மண்ணிலேயே மதுவிலக்கைத் தொடங்கிவிட்டார்.

புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தையும், கல்கி உழைத்த 'விமோசனம்' மதுவிலக்கு இதழையும் சென்ற வாரம் பார்த்தோம். கூலிக்காசு கடைக்குப் போவதையும் வீட்டில் உலை கொதிக்காததையும் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் ஆசிரமத்தார். அவர்களுடைய கோபம் நியாயமானது. ஆனால் வருஷக்கணக்காகக் குடித்த ஒருவனுடைய மூளைக்குள் அன்று என்ன நடக்கும் என்பது சட்டம் போட்டவருக்கும் தெரியாது, அன்றைய டாக்டர்களுக்கும் தெரியாது.

அந்தியில் ஒரு மொந்தைக் கள் குடித்தவருக்குக் கடை மூடினால் இரண்டு நாள் எரிச்சலும் தூக்கக்கேடும், அவ்வளவுதான். விடிந்ததும் பட்டைச்சாராயம் உள்ளே போகாமல் கை நிற்காதவர் கதை வேறு. கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரத்தில் நடுக்கமும் வேர்வையும் படபடப்பும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் சிலருக்குப் பிதற்றல் வரும். சுவரில் இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவார். செத்துப்போன அண்ணனைக் கூப்பிட்டுப் பேசுவார். பெற்ற பிள்ளையைப் பார்த்து "நீ யாரு?" என்பார். காய்ச்சல் ஏறும். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். பேய் பிடித்துவிட்டது என்று பூசாரியைத் தேடுவதும், இழுக்கிற கையில் இரும்புச்சாவியைத் திணிப்பதும் நம் ஊர் வழக்கம்.

இந்தப் பிதற்றலை 1813-லேயே இங்கிலாந்தின் தாமஸ் சட்டன் விவரித்து எழுதிவிட்டார். குடித்ததால் வருகிறதா, நிறுத்தியதால் வருகிறதா? இந்த வழக்கு மட்டும் நூறு வருஷத்துக்கு மேல் தீரவில்லை.

தீர்ப்பு வந்தது 1955-ல், அமெரிக்காவின் லெக்சிங்டனில். ஹாரிஸ் இஸ்பெல் குழுவினர் பத்துப் பேருக்குத் தினமும் மது கொடுத்தார்கள், நல்ல சாப்பாடும் வைட்டமினும் கொடுத்தார்கள், பிறகு சட்டென்று நிறுத்தினார்கள். ஏழு வாரம் வாக்கிலோ அதற்கு மேலோ குடித்தவர்களில் சிலருக்கு வலிப்பு வந்தது, சிலருக்குப் பிதற்றல் வந்தது. சத்துக்குறைவு காரணம் என்று இனி யாரும் சொல்ல முடியாது. நிறுத்தியதுதான் காரணம். மனிதரை வைத்து இப்படிச் சோதித்தது இன்று எனக்கு ஏற்கவில்லை. ஆனால் பதில் கிடைத்தது அங்கேதான்.

கிணற்றில் எருது பூட்டிக் கவலை இறைத்தவர்களுக்கு இந்தக் காரணம் எளிதில் விளங்கும். தண்ணீர் நிறைந்த சாலை மேலே கொண்டுவர எருதுகள் சரிவில் முழு மூச்சோடு இழுக்கும். பாதியில் வடக்கயிறு அறுந்தால் அவை நிற்காது, முன்னால் குப்புற விழும். மூளையை அடக்கிவைக்கும் ரசாயனம் காபா, தூண்டிவிடுவது குளூட்டமேட். சாராயம் காபாவுக்குப் பலம் கூட்டும், குளூட்டமேட்டைத் தடுக்கும். தினமும் இந்தப் பாரம் ஏறினால் மூளை எதிர்ப்பக்கமாக இழுத்துச் சமாளிக்கும். காபா ஏற்பிகள் மந்தமாகும், குளூட்டமேட் ஏற்பிகள் பெருகும். குடியைச் சட்டென்று அறுத்தால் பாரம் போய்விடும், இழுவை மட்டும் நிற்காது. அதுதான் வலிப்பு.

மூளையில் காபா இருப்பதை யூஜின் ராபர்ட்ஸ் கண்டது 1950-ல். சேலத்தில் கடை மூடி 13 வருஷம் கழித்து. 1960-ல் லிப்ரியம் வந்தது, 1963-ல் வேலியம் வந்தது. இரண்டும் அதே காபா ஏற்பியில் போய் உட்காரும் மாத்திரைகள். சாராயம் விட்ட இடத்தில் இவை பாரத்தைத் தாங்கும். டாக்டர் பார்வையில் சில நாளில் அளவைப் படிப்படியாகக் குறைத்தால் மூளை பழைய நிலைக்குத் திரும்ப அவகாசம் கிடைக்கும். கூடவே தயாமின் என்ற வைட்டமின் ஊசியும் போடுவார்கள்.

ஆகவே உங்கள் வீட்டில் தினமும் நிறையக் குடிப்பவர் ஒருவர் "இன்றோடு விட்டேன்" என்று சொன்னால் சந்தோஷப்படுங்கள். அன்றே ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போங்கள். வீட்டில் பூட்டிவைக்காதீர்கள். ஏற்கெனவே ஒருமுறை வலிப்பு வந்தவர் என்றால் ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள். மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம், அது மதுவோடு சேர்ந்தால் மூச்சை நிறுத்திவிடக்கூடும்.

வெறும் கள்ளுக்கு இத்தனை கொடுமை வராது என்றேன். ஆனால் 2015 செப்டம்பரில் தெலங்கானாவின் நிஜாமாபாத், மகபூப்நகர் பக்கம் கள் மட்டுமே குடித்து வந்தவர்கள், வரத்து நின்றதும் வலிப்போடும் பிதற்றலோடும் நூற்றுக்கணக்கில் ஆஸ்பத்திரிகளில் வந்து குவிந்தார்கள். பனை கொடுத்ததைத் தவிர அந்தக் குடத்தில் வேறொன்றும் இருந்தது. மேலே சொன்ன மாத்திரைகளுக்கு அது நெருங்கிய உறவு.

அது என்ன, யார் கலந்தது என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.