கூடை நெல்லும் கட்டண ரசீதும்

பணியின் பொருட்டும் வாணிபத்தின் பொருட்டும் வடகிழக்கு மலைநாடுகளிற் குடியேறிய தமிழர்கள் பலர் உளர். மேகாலயத்தின் காஸி மலைப் பகுதியிற் கடை வைக்க விரும்பும் பழங்குடியல்லாதார் ஒருவர், ராஜ்ய சர்க்காரின் விதிகளுக்கு உட்படுவதோடு, சுயாட்சி ஜில்லா கவுன்சிலின் அலுவலகத்துக்கும் சென்று உரிமம் பெற வேண்டும். அதற்குக் கட்டணமும் செலுத்த வேண்டும். 'ஒரே கடைக்கு இரண்டு அலுவலகங்களா?' என்னும் வினா அவர் உள்ளத்தில் எழுவது இயல்பே. அவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், ஆட்சி செய்யும் பணிக்கு மலைமக்கள் என்ன விலை கொடுத்து வந்தனர் என்னும் வரலாற்றைச் சிறிது நோக்க வேண்டும்.

முதற்கண் அக்காலத்தில் லூஷாய் மலைகள் எனப்பட்ட மிஜோரத்தைக் காண்போம். அங்கே ஒவ்வோர் ஊருக்கும் 'லால்' என்னும் தலைவன் ஒருவன் இருந்தான். மலைச்சரிவிற் காடு திருத்திப் பயிரிடும் இடத்தைப் பகிர்ந்தளித்தல், வழக்குத் தீர்த்தல், ஊரைக் காத்தல் ஆகியன அவன் கடமைகள். இவற்றுக்கு ஈடாக ஒவ்வொரு வீட்டாரும் விளைவிற் சில கூடை நெல்லை அளந்தனர். வேட்டையில் வீழ்ந்த விலங்கிலும் அவனுக்கு ஒரு பங்கு உண்டு. ஊரின் கருவிகளைச் செப்பனிடும் கொல்லனுக்கும், தலைவன் ஆணையை மாலையிற் கூவி அறிவிப்பவனுக்கும், சடங்கு செய்யும் பூசாரிக்கும் தனித்தனியே நெல் அளக்கப்பட்டது. நம் கிராமங்களிற் களத்துமேட்டிலே கொல்லனுக்கும் தச்சனுக்கும் காவற்காரனுக்கும் 'மேரை' அளந்த வழக்கத்தைக் கேட்டறிந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

இம்முறை குற்றமற்றது என்று கூறுவதற்கில்லை. வறுமையாற் தலைவன் வீட்டில் அடைக்கலம் புகுந்தவர் 'போய்' எனப்பட்டு, அவ்வீட்டுக்கே ஊழியம் செய்யும் கட்டுக்கு உள்ளாயினர். விடுதலை வேண்டின் 'மிதுன்' என்னும் மலைமாடு ஒன்றோ அதன் விலையோ கொடுக்க வேண்டும். எனினும் ஒன்று தெளிவு. எந்தக் கூடை நெல் எந்தப் பணிக்கு உரியது என்பதை ஊரார் அனைவரும் அறிந்திருந்தனர்.

காஸி மலைகளில் முறை வேறு. அங்கே நிலம் குலங்களுக்கும் சமுதாயத்துக்கும் உரியது, அரசனுக்கு உரியதன்று. ஆதலால் 'ஸியெம்' என்னும் காஸி மன்னர்கள் நிலவரி வாங்கியதில்லை. சந்தைக்கு வரும் சரக்கின் மீது தண்டிய சுங்கமே அவர்களது வருவாயிற் பெரும்பகுதி. காஸியரின் வாரம் எட்டு நாட்களைக் கொண்டது; அந்நாட்களின் பெயர்கள் சந்தைகளோடு தொடர்புடையவை. சந்தையிற் கூடும் பல ஊராரிடையே சண்டை நேராமற் காப்பது மன்னனின் பொறுப்பு. சுங்கம் அந்தக் காவலுக்கு உரிய கூலி என்றே கொள்ளலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் லூஷாய் மலைகளை வென்றபின் இந்தத் தொடர்பு மாறியது. வீட்டுவரி பணமாக விதிக்கப்பட்டது. நாளடைவில் அது வீடொன்றுக்கு 2 ரூபாய் என்ற அளவில் நிலைத்தது. வீடுகளைக் கணக்கெடுக்க ஊர்தோறும் எழுத்தர் ஒருவர் ஏற்பட்டார். அதிகாரிகள் பயணம் செய்யும்போது சுமை தூக்கும் கட்டாய வேலையும் மக்கள் மீது விழுந்தது. அவ்வேலையிலிருந்து விலக்கு அளிப்பதே எழுத்தருக்குரிய ஊதியமாயிற்று. பள்ளிகளோ பெரும்பாலும் கிறிஸ்தவ மிஷன்களின் பொறுப்பிலேயே நடந்தன. தலைவனுக்கு அளந்த நெல்லும் நிற்கவில்லை. ஆகவே ஒரு குடும்பம் இரண்டு ஆட்சிகளுக்குக் கொடுத்தது. இரண்டாவதாகக் கொடுத்த பணம் எந்தப் பணியாகத் திரும்பி வருகிறது என்பதை அதனாற் காண இயலவில்லை. 1946-இல் தோன்றிய மிஜோ யூனியன் பொதுமக்களிடையே விரைவிற் செல்வாக்குப் பெற்றமைக்கு, தலைவர்களுக்குச் செலுத்தும் இறைகளின் மீதிருந்த வெறுப்பு ஒரு முக்கிய காரணமாகும்.

1947-இல் கோபிநாத் பர்தோலாய் தலைமையில் அமைந்த உபகமிட்டி மலைமக்களின் குறைகளைக் கேட்டறிந்தது. ஷில்லாங்கைச் சேர்ந்த நிக்கல்ஸ் ராய் அவர்கள் அதன் உறுப்பினராக இருந்து உழைத்தார். அதன் பயனாக அரசியலமைப்பில் ஆறாவது அட்டவணை இடம்பெற்றது. 1952-இல் ஜில்லா கவுன்சில்கள் பணி தொடங்கின. அவ்வட்டவணையின் 8-ஆவது பிரிவு, கவுன்சில் எவற்றின் மீது வரி விதிக்கலாம் என்பதை வரிசைப்படுத்துகிறது. தொழில்களும் வாணிபமும், கால்நடைகளும் வண்டிகளும் படகுகளும், சந்தைக்கு விற்பனைக்காக வரும் சரக்கு, ஓடத்துறைகள் ஆகியவற்றோடு, பள்ளி, மருந்தகம், சாலை ஆகியவற்றைப் பேணுவதற்கான வரியும் அதில் உண்டு. பழைய காஸிச் சந்தைச் சுங்கத்தின் சாயலை இந்த வரிசையிற் காணலாம். கடைசி இனமோ, எந்தப் பணிக்காகத் தண்டப்படுகிறது என்பதைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கிறது.

1954-ஆம் ஆண்டு இவ்வரலாற்றிற் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் லூஷாய் மலைகளில் 200-க்கு மேற்பட்ட ஊர்த்தலைவர்களின் உரிமைகள் சட்டத்தால் முடிவெய்தின. தேர்ந்தெடுக்கப்பட்ட கிராம கவுன்சில்கள் அவர்களின் இடத்தைப் பெற்றன. அதே ஆண்டில் உடுப்பியைச் சார்ந்த ஷிரூர் மடம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. அறநிலையங்களிடமிருந்து சென்னை சர்க்கார் வாங்கிய தொகை கட்டணமா, வரியா என்பது அவ்வழக்கின் வினாக்களுள் ஒன்று. பொதுச் செலவுக்காகக் கட்டாயமாகத் தண்டுவது வரி; குறிப்பிட்ட பணிக்கு ஈடாகப் பெறுவது கட்டணம்; அத்தொகைக்கும் பணிக்கும் தொடர்பு வேண்டும் என்று நீதிமன்றம் வகுத்துரைத்தது. பின்வந்த தீர்ப்புகள் அத்தொடர்பு அணுவளவும் பிசகாதிருக்க வேண்டியதில்லை என்று தளர்த்தின. ஆயினும் தொடர்பே வேண்டா என்று கூறவில்லை. நீதிமன்றம் நுணுகி ஆராய்ந்து கண்ட இவ்வேறுபாட்டை, கூடை கூடையாக நெல் அளந்த மலைமகன் நடைமுறையிலேயே அறிந்திருந்தான் அன்றோ?

இனி வணிகரின் உரிமத்துக்கு வருவோம். வெளியிலிருந்து வந்த லேவாதேவிக்காரரும் வணிகரும் மலைமக்களைக் கடனில் ஆழ்த்திவிடுவர் என்ற அச்சத்தாலேயே 10-ஆவது பிரிவு சேர்க்கப்பட்டது. அதன் வழிவந்ததே காஸி-ஜயந்தியா மலைகளுக்கான 1954-ஆம் ஆண்டின் விதி. அப்பிரிவு வணிகரையும் மறந்துவிடவில்லை. இத்தகைய விதிக்குக் கவுன்சில் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினரின் ஆதரவும் கவர்னரின் இசைவும் வேண்டும். விதி ஏற்படுவதற்கு முன்பிருந்தே வாணிபம் செய்து வருவோருக்கு உரிமம் மறுக்கலாகாது.

மிஜோ ஜில்லா கவுன்சில் 1972-இல், மிஜோரம் யூனியன் பிரதேசமான காலத்தில், கலைக்கப்பட்டது. காஸி, ஜயந்தியா, காரோ மலைகளின் கவுன்சில்கள் இன்றும் நடைபெறுகின்றன. உரிமம் பெறச் செல்லும் தமிழர் அந்தக் கட்டணத்தை அயலார் மீது விதித்த தண்டம் என்று எண்ண வேண்டுவதில்லை. தம் சந்தையின் ஒழுங்குக்கு அம்மக்கள் காலங்காலமாகக் கேட்டு வந்த விலையின் இன்றைய வடிவம் அது. அதுபோலவே, கட்டண விகிதம் எல்லோரும் படிக்குமாறு பலகையில் எழுதப்பட வேண்டும், கொடுத்த பணத்துக்கு ரசீது வேண்டும், அப்பணம் சந்தையின் துப்புரவாகவும் சாலையாகவும் கண்முன் திரும்ப வேண்டும் என்று கேட்கும் உரிமை செலுத்துவோருக்கு உண்டு; அவர் அயலூராராயினும் சரி, அம்மலையிலேயே பிறந்தவராயினும் சரி. பணி கண்ணுக்குத் தெரிந்தவரை லூஷாய் மக்கள் நெல் அளந்தனர். அது மறைந்தபின் கொடுக்க மறுத்தனர். மலைநாட்டு அலுவலகங்கள் கட்டணப் பட்டியலைத் திருத்தும்போதெல்லாம் மனத்திற் கொள்ளவேண்டிய செய்தி இதுவே.