கடல் காற்றாலைகளும் கடற்பறவைகளும்

கடலுக்குள் நிறுவப்படும் காற்றாலைகளால் கடற்பறவைகளுக்கு நேரும் பாதிப்பு இரு வகைப்படும். சுழலும் இறக்கையில் அடிபட்டுச் சாவது ஒன்று. காற்றாலைகளைக் கண்டு ஒதுங்கிப்போய், இரை தேடும் கடற்பரப்பை இழப்பது மற்றொன்று. பொதுமக்களின் கவலை பெரும்பாலும் முதலாவதைப் பற்றியே இருக்கிறது. சில இனங்களுக்கு இரண்டாவதே பெரிய இடர் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அந்த ஆய்வுகளில் பெரும்பகுதி வடகடலையும் பால்டிக் கடலையும் சார்ந்தவை. கடல் காற்றாலைத் தொழில் பிறந்து வளர்ந்த இடம் அதுதான். டென்மார்க்கின் விண்டபியில் 1991இல் 11 காற்றாலைகளுடன் உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணை இயங்கத் தொடங்கியது. அதன் மொத்தத் திறன் 5 மெகாவாட்டுக்குச் சற்றுக் குறைவு. 2017இல் அது கழற்றி எடுக்கப்பட்டது. இன்று நிறுவப்படும் ஒற்றைக் காற்றாலையே அதைப்போல் இரு மடங்குக்கு மேல் திறன் கொண்டது.

கடற்பறவைகளின் வாழ்க்கை முறையை அறியாமல் இந்தப் பாதிப்பின் அளவை உணர முடியாது. ஒரு சிட்டுக்குருவி ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈடு குஞ்சு பொரித்து, இழந்ததை விரைவில் ஈடுகட்டிவிடும். கேனட், கில்லிமாட் போன்ற கடற்பறவைகள் ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடுபவை. அதற்கும் பிறந்து ஐந்தாண்டு அளவில்தான் தயாராகின்றன. பிறகு பல ஆண்டுகள் உயிர்வாழ்ந்து, அந்த நீண்ட ஆயுளால்தான் இனத்தைத் தக்கவைக்கின்றன. எனவே ஒரு குடியிருப்பில் வளர்ந்த பறவைகள் ஆண்டுதோறும் சிறிதளவு கூடுதலாக இறந்தாலும், இருபது முப்பது ஆண்டுகளில் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியும்படி சரிந்துவிடும்.

மோதல்

நிலத்தில் உள்ள காற்றாலையின் அடியில் நடந்து பார்த்தால் செத்த பறவைகளை எண்ணிவிடலாம். கடலில் உடல் மூழ்கிவிடும், அல்லது அலையோடு போய்விடும். இந்தத் துறையின் அடிப்படைச் சிக்கல் இதுதான். உடல்களை எண்ண முடிந்த அரிய இடங்களில் ஒன்று பெல்ஜியத்தின் சேபுருகே துறைமுகம். அங்கே அலைதடுப்புச் சுவரின்மேல் வரிசையாகச் சிறிய காற்றாலைகள் நின்றன. பக்கத்திலேயே ஆலாக்களின் கூட்டுத்திடல். 2004, 2005 ஆண்டுகளில் கடலை நோக்கிய வரிசையில் இருந்த 14 காற்றாலைகளில், ஒன்றுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 11 ஆலாக்கள் வரை இறந்தன. குஞ்சுக்கு மீன் கொண்டு வர நாளில் பலமுறை அந்த வரிசையைக் கடக்க வேண்டியிருந்ததே காரணம். காற்றாலையின் வடிவத்தைவிட அது நிற்கும் இடமே முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மற்ற இடங்களில் கணித மாதிரிகளே துணை. பரவலாகப் பயன்படுவது பில் பேண்ட் உருவாக்கிய மாதிரி. பறவையின் உடலளவு, பறக்கும் உயரம், வேகம், காற்றாலை இறக்கையின் சுழற்சி ஆகியவற்றைக் கொண்டு அது மோதலைக் கணிக்கிறது. இறுதியில் எத்தனை விழுக்காட்டுப் பறவைகள் தாமாக விலகிச் செல்லும் என்ற எண்ணால் விடையைத் திருத்துகிறார்கள். நூற்றுக்கு 98 விலகும் என்பதை 99 என்று மாற்றினால் போதும், சாவுக் கணக்கு பாதியாகிவிடும். பல நூறு கோடி மதிப்புள்ள திட்டத்தின் தலைவிதி இப்படி ஒரு விழுக்காட்டில் தொங்குவதால்தான் நிறுவனங்களும் பறவைப் பாதுகாப்பு அமைப்புகளும் அந்த எண்ணுக்காக ஆண்டுக்கணக்கில் வாதிடுகின்றன.

அந்த எண்ணை நேரடியாக அளக்க முயன்ற ஆய்வுகளும் உண்டு. டென்மார்க்கின் நிஸ்டெட் பண்ணையில் ரேடார் மூலம் வலசைபோகும் ஈடர் உள்ளிட்ட வாத்தினங்களைக் கவனித்தபோது, மோதக்கூடிய நெருக்கத்துக்கு வந்தவை ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்று 2005இல் அறிவிக்கப்பட்டது. இங்கிலாந்தின் தானெட் பண்ணையில் 2014 முதல் 2016 வரை கேமராக்களில் பறவைகள் பதிவான சுமார் 12,000 காணொளித் துண்டுகளில் 6 மோதல்கள் மட்டுமே தென்பட்டன. ஸ்காட்லாந்தின் அபர்டீன் கடலில் 2020, 2021 ஆண்டுகளில் நடந்த ஆய்வில் ஒரு மோதலும் பதிவாகவில்லை. தொழில்துறை இம்முடிவுகளை மகிழ்ச்சியோடு மேற்கோள் காட்டுகிறது. மகிழ்ச்சி நியாயமானதே, ஓர் எல்லை வரை. இந்தக் காணொளிப் பதிவுகள் பெரிதும் பகல் வெளிச்சத்தைச் சார்ந்தவை.

இரவின் நிலை வேறு. ஜெர்மானியக் கடலில் நிற்கும் ஃபினோ 1 ஆய்வு மேடையில் 2003 அக்டோபர் முதல் 2004 டிசம்பர் வரை 442 பறவைகள் செத்துக் கிடந்தன. அவற்றில் பாதிக்கும் மேல் இரண்டே இரவுகளில் விழுந்தவை. மூடுபனியிலும் தூறலிலும் விளக்கொளியை நாடி வந்த வலசைப் பறவைகள் அவை. கடற்பறவைகள் மிகச் சில. அங்கே சுழலும் இறக்கையே கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இட இழப்பு

செந்தொண்டை லூன் என்ற பறவை கப்பலைத் தொலைவில் கண்டாலே எழும்பி ஓடும் கூச்ச இயல்புடையது. குளிர்காலத்தையும் இளவேனிலையும் ஜெர்மானியக் கடலில் கழிக்கிறது. 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு, காற்றாலைப் பண்ணைகள் எழும்பிய பின் அவற்றுக்கு உள்ளேயும் ஒரு கிலோமீட்டர் தொலைவு வரையிலும் இப்பறவைகள் 94 விழுக்காடும், பத்துக் கிலோமீட்டர் வட்டத்தில் 52 விழுக்காடும் குறைந்ததைக் காட்டியது. ஒரு பறவைகூட அடிபடவில்லை என்றாலும் இது இழப்புத்தான். காற்றாலையிலிருந்து விலகுவதை மோதல் கணக்கு நன்மையாக எழுதிக்கொள்கிறது. அதே விலகல் வாழிடக் கணக்கில் செலவாக ஏறுகிறது. இவ்விரண்டையும் ஒரே தாளில் எழுதாத அறிக்கையை நம்பக் கூடாது.

இங்கிலாந்தில் தேம்ஸ் முகத்துவாரத்தின் லண்டன் அரே பண்ணை 2013இல் 175 காற்றாலைகளோடு திறக்கப்பட்டது. அதன் இரண்டாம் கட்டம் 2014இல் கைவிடப்பட்டது. லூன்களுக்கு என்ன நேரும் என்பதை உறுதிசெய்ய இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பது அதற்கு ஒரு காரணம்.

எல்லா இனங்களும் ஒதுங்குவதில்லை. நீர்க்காகங்களுக்குக் காற்றாலைத் தூண் வசதியான இருக்கை. சிறகை உலர்த்தியபடியே கரையிலிருந்து வெகுதொலைவில் மீன் பிடிக்கின்றன. தூணின் அடியில் சிப்பிகள் பற்றிக்கொள்ள, மீன்களும் கூடுகின்றன. டென்மார்க்கின் ஹார்ன்ஸ் ரெவ் பண்ணையை முதலில் தவிர்த்த ஸ்கோட்டர் வாத்துகள் சில ஆண்டுகளில் காற்றாலைகளுக்கு இடையிலேயே காணப்பட்டன.

அனுமதியும் ஈடும்

பிரிட்டனில் ஹார்ன்சி 3 கடல் காற்றாலைத் திட்டத்துக்கு 2020 இறுதியில் அனுமதி கிடைத்தது. கிட்டிவேக் பறவைகளுக்கு நேரக்கூடிய இழப்புக்கு ஈடாக, சஃபோக் கடற்கரைக்கு அப்பால் செயற்கைக் கூட்டுக் கட்டடங்கள் எழுப்பப்பட்டன. பார்க்க அழகான ஏற்பாடு. வடகடல் கிட்டிவேக்குகளின் பெருங்குறையோ கூடு கட்ட இடமில்லாதது அல்ல, இரை இல்லாதது. கடல் வெப்பமாவதாலும் மீன்பிடிப்பாலும் சாண்டீல் என்னும் சிறுமீன் குறைந்துவிட்டது. 2024இல் வடகடலின் இங்கிலாந்துப் பகுதியிலும் ஸ்காட்லாந்துக் கடலிலும் சாண்டீல் பிடிக்கத் தடை வந்தது. கூட்டுக் கட்டடங்களைவிட இது பறவைகளுக்குப் பயன்படும் என்றே தோன்றுகிறது.

எண்ணிக்கை சரிந்தால் காற்றாலையை மட்டும் குற்றம்சாட்ட முடியாது என்பதற்கும் சான்று உண்டு. ஸ்காட்லாந்தின் பாஸ் ராக் தீவில் 2014இல் சுமார் 75,000 கேனட் கூடுகள் இருந்தன. 2022இல் பறவைக் காய்ச்சல் தாக்கியது. 2023 கணக்கில் சுமார் 52,000 மட்டுமே மிஞ்சின. அப்படி நலிந்த இனங்கள் வாழும் கடலில், 4.1 கிகாவாட் பெர்விக் பேங்க் காற்றாலைத் திட்டத்துக்கு ஸ்காட்லாந்து அரசு 2025 ஜூலையில் ஒப்புதல் தந்தது, பறவைப் பாதுகாப்பு அமைப்புகளின் எதிர்ப்பை மீறி.

பாதிப்பைக் குறைக்கும் வழிகளில் முதன்மையானது இடத்தேர்வு. பல கடற்பறவைகள் நீர்மட்டத்தை ஒட்டியே பறப்பதால் காற்றாலை இறக்கையின் கீழ்நுனியை உயர்த்துவதும் உதவும். நெதர்லாந்தில் 2023 மே மாதம், பெரும் வலசை நிகழ்ந்த ஓர் இரவில் கடல் காற்றாலைகளின் சுழற்சியைச் சில மணி நேரம் நிமிடத்துக்கு இரண்டு சுற்றாகக் குறைத்தார்கள். நார்வேயின் ஸ்மோலா தீவில் நிலத்துக் காற்றாலைகளின் ஓர் இறக்கைக்குக் கறுப்பு வண்ணம் பூசியதில் பறவை இறப்பு சுமார் 70 விழுக்காடு குறைந்தது. நான்கே காற்றாலைகளில் நடந்த சோதனை என்பதால் அதைக் கடலுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது.

இந்தியாவில்

ஒன்றிய அரசு 2024 ஜூனில் 7,453 கோடி ரூபாய் நிதியுதவித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. இதன்படி குஜராத், தமிழ்நாடு கடல்களில் தலா 500 மெகாவாட் காற்றாலைகள் நிறுவப்பட வேண்டும். தமிழ்நாட்டில் குறிக்கப்பட்டிருப்பது மன்னார் வளைகுடாப் பகுதி. ஆதம் பாலத்து மணல்திட்டுகளில் ஆலாக்கள் முட்டையிடுகின்றன. தனுஷ்கோடிக்குப் பூநாரைகளும் வலசை வருகின்றன. பிரிட்டனில் அனுமதி கோரும் முன்பே இரண்டாண்டுகள் மாதந்தோறும் விமானத்திலிருந்து கடற்பறவைகளைப் படமெடுத்து எண்ணுவது வழக்கம். அதே கணக்கெடுப்பை இங்கும் முதல் தூணை நடும் முன்பே முடித்துவிட வேண்டும். நட்ட பிறகு எடுக்கும் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருக்காது.