ரங்கீலா ரசூல்

ரங்கீலா ரசூல், 1924இல் லாகூரில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த உருதுச் சிறுநூல். ‘ரங்கீலா’ என்ற சொல் வண்ணமயமானவரையும் குறிக்கும், உல்லாசப் பிரியரையும் குறிக்கும். நபிகள் நாயகத்தின் மணவாழ்வைப் புகழ்வதுபோல் பேசி இகழ்வதே நூலின் உத்தி. பஞ்சாபில் ஆரிய சமாஜத்தாரும் முஸ்லிம்களும் துண்டுநூல்களால் மோதிக்கொண்டிருந்த காலம் அது. சீதையை இழிவுபடுத்திய ஒரு வெளியீட்டுக்குப் பதிலடி என்று இதற்குக் காரணம் சொன்னார்கள். எழுதியவர் ஆரிய சமாஜத்துப் பண்டித சமூபதி என்று பின்னாளில் அறியப்பட்டது. வெளியிட்ட ராஜ்பால் அந்தப் பெயரைக் கடைசிவரை வெளியிடவில்லை. 1924 ஜூனிலேயே காந்தி ‘யங் இந்தியா’வில் நூலைக் கண்டித்தார்.

கீழ் நீதிமன்றம் ராஜ்பாலுக்குச் சிறைத்தண்டனை விதித்தது. 1927 மே மாதம் லாகூர் உயர் நீதிமன்ற நீதிபதி தலீப் சிங் அவரை விடுவித்தார். நூல் நல்லது என்பதற்காக அல்ல. வகுப்புப் பகையைத் தூண்டுவதைத் தண்டிக்கும் 153ஏ பிரிவு, மறைந்த மதத் தலைவரைத் தாக்கும் எழுத்துக்குப் பொருந்தாது என்பதே அவர் வாதம். தீர்ப்பைச் சாடிய ‘முஸ்லிம் அவுட்லுக்’ இதழின் ஆசிரியர் நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறை சென்றார். கொந்தளிப்பு பெருகவே, அதே ஆண்டில் அரசு 295ஏ பிரிவைக் கொண்டுவந்தது. வேண்டுமென்றே, தீய நோக்கத்துடன் மத உணர்வைப் புண்படுத்துவது குற்றமானது. நேர்மையான விமர்சனமும் வரலாற்று ஆய்வும் இதில் சிக்கிவிடக் கூடாது என்று அன்றே எச்சரித்தவர் ஜின்னா. அந்த எச்சரிக்கைக்கு இன்றும் வேலை இருக்கிறது.

1929 ஏப்ரல் 6 அன்று ராஜ்பால் தம் கடையில் உட்கார்ந்திருந்தார். ஊழியர் ஒருவர் ஏணியில் நின்று புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே வந்த இல்முத்தீன் என்ற தச்சர் மகன் ராஜ்பாலைக் கத்தியால் குத்திக் கொன்றான். ஊழியர்கள் கையில் கிடைத்த புத்தகங்களையே அவன்மீது வீசினார்கள். பழிக்கும் நூல் எவ்வளவு கீழானதாக இருந்தாலும் கொலைக்கு அது நியாயமாகாது. ஆனாலும் இரு தரப்பும் தத்தம் ஆளைத் தியாகியாக்கின. மேல்முறையீட்டில் இல்முத்தீனுக்காக வாதாடியவர் அதே ஜின்னா. இளம் வயதைக் காட்டித் தண்டனையைக் குறைக்கக் கேட்டார், நீதிமன்றம் ஏற்கவில்லை. 1929 அக்டோபர் 31 அன்று மியான்வாலி சிறையில் தூக்கு நிறைவேறியது.

295ஏ பிரிவைப் பிரிவினைக்குப் பிறகும் இரு நாடுகளும் வைத்துக்கொண்டன. பாகிஸ்தான் 1986இல் 295சி பிரிவைச் சேர்த்தது. நபியை இழிவுபடுத்துவதற்கு அதன்படி மரண தண்டனை வரை உண்டு. இந்தியாவில் 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவாக 295ஏ தொடர்கிறது.