வீட்டில் செய்யும் ஹாலோவீன் வேடங்கள்

அக்டோபர் 31 அன்று கொண்டாடப்படும் ஹாலோவீன் மாலையில் குழந்தைகள் அணிவதற்காக, பழைய துணி, அட்டைப்பெட்டி, காலுறை, காகிதம் முதலியவற்றைக் கொண்டு வீட்டிலேயே செய்யப்படும் உடைகள் இவை. அமெரிக்கா, கனடா, அயர்லாந்து, பிரிட்டன் ஆகிய நாடுகளில் இவ்வழக்கம் ஆழ வேரூன்றியுள்ளது. இருட்டிய பிறகு, குளிரில், கையில் மிட்டாய்ப் பையுடன் குழந்தை வீடுவீடாக ஏறி இறங்க வேண்டும். வேடம் எவ்வளவு தத்ரூபமாக இருக்கிறது என்பதைவிட, அந்த நடைக்குத் தாங்குமா என்பதே முதலில் பார்க்க வேண்டியது. அதனால்தான் குழந்தை ஏற்கெனவே போட்டுப் பழகிய உடுப்பின்மேல் ஒட்டியும் தைத்தும் செய்யப்படும் வேடங்களே பெரும்பாலும் சிறப்பாக அமைகின்றன.

வரலாறு

நவம்பர் 1 கிறித்தவர்களின் அனைத்துப் புனிதர் பெருவிழா. அதற்கு முந்தைய இரவில் ஸ்காட்லாந்து, அயர்லாந்துப் பிள்ளைகள் பெரியவர்களின் பழந்துணியை மாட்டி, முகத்தில் கரி பூசி, வீட்டு வாசல்களில் பாடியும் ஆடியும் பழமோ கொட்டையோ காசோ வாங்கிவந்தனர். இதற்குக் ‘கைசிங்’ என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் குடியேறியவர்களோடு இப்பழக்கம் வட அமெரிக்காவுக்குப் போயிற்று. ‘டிரிக் ஆர் டிரீட்’ என்னும் கூவல் 1920களில் கனடா நாட்டுச் செய்தித்தாள்களில் காணப்படுகிறது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த டென்னிசன் நிறுவனம் கிரேப் காகிதம் தயாரித்து வந்தது. அந்தக் காகிதத்தில் உடையும் அலங்காரமும் செய்யும் முறைகளைச் சொல்லும் ‘போகி புக்’ என்ற சிறுநூலை 1909இல் அது வெளியிட்டது. பின்னர் புதுப் பதிப்புகளும் வந்தன. காகித உடையும் பூசணிக்காய்க்குள் எரியும் மெழுகுவத்தியும் அருகருகே இருக்கக் கூடாதவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1937இல் நியூயார்க்கில் தொடங்கிய பென் கூப்பர் போன்ற நிறுவனங்கள், பிளாஸ்டிக் முகமூடியும் மெல்லிய அங்கியும் அடங்கிய பெட்டிகளை மலிவாக விற்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் இவை பெருகின. ஆனாலும் வீட்டு வேடம் மறையவில்லை.

பேய்

வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தலைவழியே போர்த்திக்கொள்ளும் மிக எளிய வேடம் இதுதான். இறந்தவரை வெள்ளைத் துணியில் சுற்றிப் புதைத்த ஐரோப்பிய வழக்கத்திலிருந்து வந்த உருவம். 1966இல் ஒளிபரப்பான சார்லி பிரவுன் ஹாலோவீன் சித்திரப்படத்தில், கண்ணுக்கு இரண்டு துளை போடுவதற்குப் பதிலாக விரிப்பு முழுவதும் ஓட்டை போட்டுக்கொண்டு நிற்கும் சிறுவனை அமெரிக்கர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். 1982இல் வெளிவந்த ‘இ.டி.’ படத்தில் வேற்றுக்கிரக உயிரைத் தெருவில் மறைத்து அழைத்துப்போக உதவியதும் இதே விரிப்புதான்.

இதில் ஒரே சிக்கல், நடக்க நடக்கத் துணி நழுவிக் கண் துளை காதுப் பக்கம் போய்விடுவது. முன்மடலை வெட்டிய பழைய தொப்பி ஒன்றை விரிப்பின் உட்புறம், உச்சந்தலைப் பகுதியில் நாலு தையல் போட்டுவிட்டால் துணி அசையாது. இரண்டு சிறு துளைகளுக்குப் பதில் முகம் முழுதும் தெரியும்படி வெட்டுவது இன்னும் நல்லது. விளிம்பு கணுக்காலுக்கு மேலே நிற்க வேண்டும். இருட்டில் வண்டி ஓட்டுபவர் கண்ணுக்கு வெள்ளை சட்டெனப் படும் என்பது இவ்வேடத்தின் தனிச் சிறப்பு.

மம்மி

பலர் குழந்தையைக் கழிப்பறைக் காகிதத்தால் சுற்றிவிடுகிறார்கள். அது சற்று நேரத்திலேயே கிழிந்து தொங்கும். பழைய வெள்ளை விரிப்பைக் கையால் நீளவாக்கில் கிழித்தால் ஓரங்களில் நூல் பிரிந்து நிற்கும். அந்தப் பிசிறுதான் வேண்டும். கத்தரித்தால் அது கிடைக்காது. பட்டைகளைக் கெட்டியான தேயிலை டிகாஷனில் ஊறவைத்து, பிழிந்து, சுருட்டியபடியே காயவைத்தால் பல நூற்றாண்டுப் பழுப்பு ஏறிவிடும். அவற்றை உடம்பில் சுற்றாமல் முழுக்கைச் சட்டையிலும் கால்சட்டையிலும் தனித்தனியாகத் தைக்க வேண்டும். குழந்தை கழிப்பறைக்குப் போக நேரும்போது இந்தப் பிரிவினையின் அருமை தெரியும்.

சிலந்தியும் பிறவும்

கறுப்பு முழுக்கைச் சட்டையின் விலாவில், பழந்துணி திணித்த நான்கு கறுப்புக் காலுறைகளைப் பக்கத்துக்கு இரண்டாகத் தைத்தால், குழந்தையின் கைகால்களோடு சேர்த்து எட்டாகிவிடும். ஒவ்வொரு பக்கத்துப் பொய்க்கால்களையும் தூண்டில் நரம்பால் மணிக்கட்டோடு இணைத்தால், கை உயரும்போது எல்லாம் சேர்ந்து உயரும். ஊசி பிடிக்கத் தெரிந்த எவரும் ஒரே மாலையில் முடித்துவிடலாம். குழந்தைக்கு இத்தனை ஆனந்தம் தரும் வேடம் வேறு குறைவு.

உடைந்த கறுப்புக் குடையின் துணியை இரண்டாக வெட்டி, கம்பிகளை நீக்கி, கையின் கீழ்ப்புறம் தைத்தால் வௌவால். ஊதா உடுப்பில் ஊதா பலூன்களை ஊக்கால் மாட்டினால் திராட்சைக்கொத்து. ரோபோவுக்கு அலுமினியத் தாள் ஒட்டிய அட்டைப்பெட்டி போதும். பெட்டி இடுப்போடு நிற்காவிட்டால் குழந்தையால் உட்காரவோ படி ஏறவோ முடியாது. சக்கர நாற்காலியில் வரும் குழந்தைக்கு நாற்காலியையே அட்டையால் கப்பலாகவோ ரயிலாகவோ மாற்றும் பெற்றோர் உண்டு.

குளிரும் சாலையும்

கனடாவின் பல பகுதிகளில் அக்டோபர் கடைசியில் பனிகூட விழும். குளிருடையின்மேல் போடும் அளவுக்கு வேடத்தைத் தொளதொளவென்று வெட்டாவிட்டால், செய்த வேலையெல்லாம் கோட்டுக்குள் மறைந்துபோகும்.

1975 முதல் 2016 வரையிலான அமெரிக்க விபத்துப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், ஹாலோவீன் மாலையில் பாதசாரிகள் வண்டி மோதி இறக்கும் அபாயம், அதற்கு ஒரு வாரம் முன்பும் பின்பும் உள்ள மாலைகளைவிட 43 விழுக்காடு அதிகம் என்று கண்டனர். கறுப்பு வேடங்களின் முதுகிலும் மிட்டாய்ப் பையிலும் ஒளியைத் திருப்பி வீசும் டேப் ஒட்டுவதும், கையில் டார்ச் கொடுப்பதும் இதனாலேயே கட்டாயமாகின்றன.

முகமூடி பக்கவாட்டுப் பார்வையை மறைப்பதால் முகச்சாயமே மேல். சில நாட்களுக்கு முன்பே கையில் சிறிது தடவி, அரிப்போ தடிப்போ வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தோலில் பூச அனுமதிக்கப்பட்ட எல்லா நிறமும் கண்ணருகே பூச ஏற்றதல்ல; புட்டியின் மேலிருக்கும் குறிப்பைப் படித்த பிறகே இமைப்பக்கம் தூரிகை போக வேண்டும்.