பனங்காட்டு இளவேனில்
(நெல்லைச் சீமைப் பனையேறிக் குடும்பங்களின் கோடைக்கால வாழ்வு: ஒரு வரலாற்றுப் பார்வை)

தமிழர்கள் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தார்கள் என்பதை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் அந்த வரிசையில் சித்திரையும் வைகாசியும் இளவேனிலுக்கு உரியவை. இளவேனில் என்றதும் மாந்தளிரும் குயிலும் தென்றலும் நினைவுக்கு வரும். ஆனால் அந்த இரண்டு மாதமும் ஒரு கிராமத்து வீட்டில் யார் எத்தனை மணிக்கு எழுந்தார்கள், அடுப்பு எவ்வளவு நேரம் எரிந்தது, காசு எப்போது கைக்கு வந்தது என்பதையெல்லாம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

மும்பைத் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தப் பருவத்தோடு தனி உறவு உண்டு. நம் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில்தான். பெட்டி படுக்கையோடு நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறி ஊருக்குப் போவது அப்போதுதான். ஆகவே மும்பையில் வளர்ந்தவர்களுக்குச் சொந்த ஊர் என்பது பெரும்பாலும் இளவேனிலில் பார்த்த ஊர். அந்த ஊரில் நாம் பார்த்தது எவ்வளவு, பார்க்காமல் விட்டது எவ்வளவு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஊருக்கு ஊர் வேறு இளவேனில்

எல்லா வீட்டுக்கும் இளவேனில் ஒன்றுபோல் இருந்ததில்லை. மாட்டுங்காவில் குடியேறிய தஞ்சாவூர், பாலக்காட்டுக் குடும்பங்களைக் கேட்டால் மொட்டைமாடியில் வடாம் பிழிந்ததையும், மாவடு ஊறப்போட்டதையும், காக்காய் விரட்ட உட்கார்ந்ததையும் சொல்வார்கள். தாமிரபரணிக் கரைக்காரர்களுக்குப் பிசான நெல் அறுத்துக் களம் நிறைந்த காலம் அது. பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போவார்கள். சித்திரை விசுவுக்குக் கனி காண்பார்கள். அறுவடை முடிந்த வீட்டில் கையில் நெல்லும் மனதில் ஓய்வும் இருக்கும்.

ஆற்றுத் தண்ணீர் எட்டாத தெற்கே, சாத்தான்குளம், உடன்குடி, திருச்செந்தூர்ப் பக்கம் கதை வேறு. அங்கே செம்மண் தேரி. குதிரைமொழித் தேரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காற்றடித்தால் மணல்மேடே இடம் மாறும். அந்த மண்ணிலும் அசையாமல் நின்று பலன் கொடுத்தது பனை ஒன்றுதான். இந்தப் பகுதி 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது, பிறகு தூத்துக்குடி மாவட்டமாயிற்று. தாராவியில் இன்றும் 'திருநெல்வேலிக்காரர்' என்று சொல்லிக்கொள்கிறவர்களில் பலருடைய ஊர் இந்தப் பக்கம்தான். என் அப்பா வழியும் அதுவே.

பனையேறிக் குடும்பத்துக்கு அறுவடைக் காலம் தை மாதம் அல்ல. பாளை வெடிக்கும் மாசி, பங்குனியில் தொடங்கி, ஆடி, ஆவணி வரை நீளும் இந்த வெயில்தான் அவர்களுக்கு அறுவடை. ஆண்டுக்கான வருமானம் முழுவதும் இந்த ஐந்தாறு மாதத்துக்குள் வந்தாக வேண்டும்.

மரமும் மனிதனும்

பனையில் ஆண், பெண் உண்டு. ஆண் மரத்தை அலகுப்பனை என்பார்கள், பெண் மரத்தைப் பருவப்பனை என்பார்கள். இரண்டிலும் பாளையைச் சீவிப் பதனீர் இறக்கலாம். முதலில் கருக்குமட்டைகளைக் கழித்து மரத்தைச் சுத்தம் செய்யவேண்டும். பிறகு பாளையைக் கடிப்பால் நாள்கணக்கில் நசுக்கிப் பதப்படுத்தவேண்டும். அதன்பின் நுனியைப் பாளை அரிவாளால் மெல்லிசாகச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுவார்கள். சுண்ணாம்பு இருந்தால் பதனீர், இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கள். 1987 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை இருப்பதால், இந்த ஒரு விரல் சுண்ணாம்பு சட்டத்தின் எல்லைக்கோடாகவும் ஆகிவிட்டது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பாளையைத் தினமும் சீவியாக வேண்டும். விட்டால் வெட்டுவாய் காய்ந்து ஊற்று நின்றுவிடும். காய்ச்சல் என்றோ, கல்யாணம் என்றோ, திருவிழா என்றோ மரம் லீவு கொடுக்காது. ஒரு ஆள் நாளொன்றுக்கு முப்பது, நாற்பது மரம், காலையும் மாலையும் இரண்டு தடவை ஏறுவார். மரம் ஒன்று முப்பது அடி என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். முப்பது மரம் இரு வேளை ஏறினால் 1,800 அடி. மும்பைக் கணக்கில் சொன்னால், மூன்று மாடிச் சாலில் படிக்கட்டே இல்லாமல் ஒரு நாளைக்கு அறுபது முறை ஏறி இறங்குவது. காலில் தளைநார், இடுப்பில் அரிவாள்பெட்டி, நெஞ்சில் மரம் உராய்ந்த காய்ப்பு. பிடி தவறினால் அதோடு குடும்பத்தின் அந்த வருடமும் போயிற்று.

இடையன்குடியில் பல்லாண்டு வாழ்ந்த கால்டுவெல் 1849இல் வெளியிட்ட நூலில் இந்தப் பனையேற்றம் பற்றிய செய்திகள் உண்டு. அச்சமூகத்தைப் பற்றி அந்நூல் செய்த மதிப்பீடுகள் அம்மக்களை மிகவும் புண்படுத்தி எதிர்ப்பையும் கிளப்பின என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அடுத்த ஆண்டே, 1850இல், கொழும்பில் வில்லியம் ஃபெர்குசன் பனையைப் பற்றித் தனி நூலே எழுதினார். பனையின் 801 பயன்களைப் பாடுவதாகச் சொல்லப்படும் 'தாலவிலாசம்' என்ற தமிழ் நூலைப் பற்றிய குறிப்பும் நமக்கு அவ்வழியே பரவியது. ஏறுகிறவரைப் பற்றியும் மரத்தைப் பற்றியும் இப்படிப் படிக்கக் கிடைக்கிறது. தரையில் நின்றவர்களைப் பற்றிக் கிடைப்பது குறைவு.

விடிலியும் அடுப்பும்

பனங்காட்டுக்குள்ளேயே ஓலையால் வேய்ந்த குடிசைக்கு விடிலி என்று பெயர். பருவம் முடியும் வரை பல குடும்பங்களுக்கு வீடும் அதுதான், ஆலையும் அதுதான். ஆண் இறக்கிய பதனீர் அன்றைக்கே காய்ச்சப்பட வேண்டும், வைத்திருந்தால் கெட்டுவிடும். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு முதல் பத்து லிட்டர் வரை பதனீர் வேண்டும். அதாவது மீதி ஏழெட்டு லிட்டர் தண்ணீரையும் தீயால் விரட்டியாக வேண்டும். அந்தத் தீ பெண்களின் பொறுப்பு. காய்ந்த ஓலை, மட்டை, உடைமுள் என்று விறகை முன்கூட்டியே சேர்த்து வைப்பதும் அவர்கள்தான்.

சித்திரை வெயில் வெளியே, தாச்சியின் கொதிப்பு உள்ளே. என் ஆச்சி இந்த வேலையைப் பத்து வயதிலேயே தொடங்கியவள். தாராவிக்கு வந்து நாற்பது வருடம் ஆனபிறகும் அவள் பேச்சில் அந்த அடுப்பு அணையவில்லை. "தீ கூடினா அடிபிடிக்கும், கொறஞ்சா பாகு எறங்காது. புள்ள அழுதாலும் தாச்சிய விட்டு எந்திரிக்க முடியாதுலே" என்பாள். பொங்கி வரும்போது ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டால் நுரை அடங்கும். பாகு பதத்தைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். பிறகு மணலில் வரிசையாகப் பதித்த சிரட்டைகளில் ஊற்றினால் கருப்பட்டி. சுக்கும் ஏலமும் சேர்த்தால் புட்டுக் கருப்பட்டி. முழுப்பாகு ஆகுமுன் எடுத்து வைத்தது கூப்பனி. மதியம் சற்று ஓய்ந்தால் அதே கை ஓலை கிழித்துப் பெட்டி முடையும்.

விற்றால் கிடைக்கும் பணத்தில் பாதி ஏற்கெனவே பேசி முடிந்த பணம். மரம் சொந்தமில்லாதவர்கள் பாட்டத்துக்கு எடுத்தார்கள், அல்லது பதனீரைப் பங்கு வைத்தார்கள். மழைக்காலத்தில் வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்துக்குக் கோடையில் கருப்பட்டியாக அடைத்தார்கள். இனிப்பு காய்ச்சிய வீட்டில் இனிப்பு தங்கியதில்லை என்று ஆச்சி சொன்னது கணக்கும்கூடத்தான்.

நம்மை விருந்தாளியாக்கிய நுங்கு

விடுமுறைக்குப் போன நமக்கு நுங்கு வெட்டிக் கொடுத்தார்கள். பட்டை பிடித்துப் பதனீர் ஊற்றினார்கள். அதில் ஒரு சங்கதி இருக்கிறது. நுங்குக்கு விட்ட பாளையில் பதனீர் இறக்க முடியாது, பதனீருக்குச் சீவிய பாளையில் நுங்கு காய்க்காது. ஆகவே பம்பாய்ப் பிள்ளைகளுக்கு என்று ஒரு மரத்தை விட்டுவைப்பது, அத்தனை நாள் பதனீரை, அத்தனை கருப்பட்டியை விட்டுக்கொடுப்பது. நம் சித்தப்பாமாரும் அத்தைமாரும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. பாதி தூக்கத்தில் அவர்கள் எழுந்துபோனதையும், உச்சிவெயிலில் விடிலிப் பக்கம் புகை எழுந்ததையும் நாம் பார்த்தோம். அது வேலை என்று தோன்றவில்லை, ஊர் அழகு என்றே தோன்றியது.

மும்பைக்கு வந்த காரணமும் இங்கேதான் இருக்கிறது. 1876-78 பெரும்பஞ்சம் தென்னாட்டை உலுக்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே திருநெல்வேலிச் சீமையினர் தாராவித் தோல் கிடங்குகளுக்கு வரத் தொடங்கினர். முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் அவர்களில் முன்னோடிகள். பிறகு பல சாதியினரும் சங்கிலிபோல வந்தார்கள். பனையேறிக் குடும்பத்துப் பையன்களில் பலர் கடைகளிலும் ஆலைகளிலும் சேர்ந்தார்கள். "மரம் என்னோட போகட்டும்" என்பது அப்பாக்களின் முடிவு. ஏறி இறங்கிய தலைமுறையே பிள்ளைகளை ஏறவிடாமல் அனுப்பிவைத்தது.

மும்பையிலும் பனை

வந்து இறங்கிய இடத்திலும் பனை இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. இந்தத் தீவுகளில் பண்டாரி சமூகத்தார் வழிவழியாக மரம் ஏறியவர்கள். போர்ச்சுகீசியர் பனையைக் 'காட்டுப்பனை' என்ற பொருளில் அழைத்த பெயரிலிருந்து, பம்பாய் ஆங்கிலத்தில் பனைக்கு 'பிராப்' என்றே ஒரு பெயர் இருந்தது. கோடையில் நாம் மார்க்கெட்டில் வாங்கும் தாட்கோளா நம் நுங்குதான். ரயில் நிலையங்களில் விற்ற நீரா நம் பதனீரின் தம்பி. மராத்தியர் குடிப்பாட்வாவுக்கு வேப்பிலையும் வெல்லமும் உண்கிறார்கள், நாம் சித்திரை ஒன்றில் வேப்பம்பூப் பச்சடி வைக்கிறோம். ஒரே வெயிலுக்கு இரண்டு வீட்டு மருந்து.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. பனை 1978 முதல் தமிழ்நாட்டின் மாநில மரம். ஆனாலும் செங்கல் சூளைகளுக்கு எண்ணற்ற மரங்கள் விறகாயின. 2021இல் தமிழக அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை பனை வளர்ப்புக்குத் திட்டம் அறிவித்தது, மரத்தை வெட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்றது. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காப்பு வந்துவிட்டது. ஏறத் தெரிந்தவர்களும் காய்ச்சத் தெரிந்தவர்களும்தான் குறைந்துகொண்டே வருகிறார்கள். விதை போட்ட பனை பலன் தரப் பதினைந்து வருடம்கூட ஆகும். ஒரு கைத்தொழில் நின்றுபோகவோ ஒரு தலைமுறை போதும்.

எனவே இம்மலரை வாசிக்கும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். செம்பூரிலோ தாராவியிலோ உங்கள் வீட்டில் எழுபது, எண்பது வயதைக் கடந்த ஆச்சி இருந்தால், "ஊரில் கோடையில் என்ன சாப்பிட்டீர்கள்" என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். எத்தனை மரம், யாருடைய மரம், எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டினீர்கள், விறகு எங்கே பொறுக்கினீர்கள், முன்பணம் எவ்வளவு, கடன் எந்த மாதம் அடைந்தது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஏட்டில் ஏறாத அந்த வரலாறு இன்னும் கொஞ்ச காலத்துக்குத்தான் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்.