கெராங்கும் சதுப்பு நிலச் சேறும்

மலாய்க்காரர் கெராங் என்றும் நம்மவர் மட்டி என்றும் கூறும் சிப்பியை அறியாதார் இந்நாட்டில் அரியர். கோய்தியாவ் வறுவலில் சிவந்து கிடப்பது அதுவே. ஓட்டைப் பிளந்தால் குருதிபோல் கசிவது வெறும் நிறமன்று; நம் குருதியைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினே அதிலும் உள்ளது. சிப்பி இனங்களிற் பெரும்பாலானவற்றுக்கு இது இல்லை. காற்றுக் குறைந்த சேற்றில் உயிர் வாழ இது துணை செய்கிறது. நந்து, முரள் ஆகியவற்றை ஈரறிவுயிர் என வகுத்தார் தொல்காப்பியர். உரையாசிரியர் இப்பியையும் கிளிஞ்சிலையும் இவ்வகுப்பில் அடக்குவர். ஊறும் சுவையுமே அவற்றின் அறிவு. கண்ணில்லை, ஓடிப் பிழைக்கக் காலுமில்லை. கெராங்கின் வரலாற்றில் இஃது ஒரு பெரிய செய்தியாகும்.

இந்நாட்டில் கெராங் வளர்ப்பு 1948-ஆம் ஆண்டளவில், பேராக் மாநிலத்துப் பாகான் பஞ்சோரில், சீன மீனவரால் தொடங்கப்பெற்றது. இயற்கைப் படுகைகளிலிருந்து குஞ்சுகளை அள்ளி வந்து, அலை அடங்கிய சேற்றுத் திடலில் விதைநெல்போல் தூவுவர். ஒன்றரை இரண்டு ஆண்டுகளில் அறுவடை. தீனி இட வேண்டியதில்லை. கடல்நீர் கொணரும் நுண்பாசியும், கண்டற் காடு உதிர்க்கும் இலைகளின் மட்குமே போதும். முதலில்லாதாரும் செய்யத்தக்க தொழில் இது.

ஆயின் அச்சேற்றுக்கு இன்னொரு குணமும் உண்டு. கண்டலின் வேர்கள் ஆற்றுநீரின் விரைவைத் தணித்து நுண்மண்ணைப் படியச் செய்கின்றன. ஈயம், செம்பு, துத்தநாகம், காட்மியம் முதலிய உலோகங்கள் நுண்மண்ணையே பற்றி வருவன. காற்றுப் புகாத அடிச்சேற்றில் கந்தகத்தோடு கூடி அவை அடங்கிக் கிடக்கும். யாரேனும் தோண்டிக் கிளறிக் காற்றுப்பட விட்டால் மீண்டும் நீரில் கரையும். இவ்வாறு காடு நமக்கு வடிகட்டியாகவும் நஞ்சுக் களஞ்சியமாகவும் ஒருங்கே அமைகிறது. களஞ்சியத்தினுள்ளேயே குடியிருப்பது கெராங். நீரை இடைவிடாது உறிஞ்சி உணவை வடித்தெடுக்கும்போது உலோகத்தையும் உடலிற் சேர்த்துக்கொள்கிறது.

இனி, பினாங்கு மாநிலத்துச் செபராங் பிறையில் உள்ள கோலா ஜூரு என்னும் மீனவர் சிற்றூருக்கு வருவோம். 1970-களில், அருகிருந்த பிறைத் தொழிற்பேட்டையின் கழிவுகள் ஜூரு ஆற்றிற் சேர, வலையில் மீன் குறைந்தது. சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974-இல் பிறந்துவிட்டது. ஆனால் சட்டம் பிறந்த அன்றே ஆறு தெளிந்துவிடுமா? பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அவ்வூரின் போராட்டத்தை 1976-இல் நூலாக வெளியிட்டது. மீனை இழந்த அம்மக்கள் கூட்டுறவு அமைத்து எடுத்த புதுத்தொழில் எது தெரியுமா? கெராங் வளர்ப்பேதான். மீனாவது கெட்ட நீரை விட்டு விலகும். கெராங் போட்ட இடத்தில் கிடக்கும். அவர்களைக் குறை கூற எனக்கு மனமில்லை. கையில் எஞ்சியிருந்தது சேறு ஒன்றுதானே!

ஜூரு ஆற்றுப் படிவின் உலோகங்களை ஆய்ந்து ஒரு கட்டுரை 1995-இல் வெளிவந்தது. தொழிற்சாலைக் கழிவுக்கு ஆட்பட்ட கெராங்கின் வளர்ச்சித் திறனைப் பற்றியும் அதே ஆண்டில் ஆய்வு வெளியாயிற்று. வாய் பேசாத அவ்வுயிர் இங்ஙனம் ஆராய்ச்சியாளருக்கு அளவுகோலாயிற்று.

இத்தகைய அளவுகோலைப் புறக்கணித்தால் விளைவது என்ன என்பதற்குச் சப்பானின் மினமாட்டா சான்று. 1956 மே முதல் நாளில், ஆலை மருத்துவமனைத் தலைவர் ஹொசோகவா ஹாஜிமே, மூளையைத் தாக்கும் இனந்தெரியாத நோய் பரவுவதை அதிகாரிகளுக்கு அறிவித்தார். அக்குடாவின் மீனும் சிப்பியும் உண்டோரே நோயாளிகள். கரிமப் பாதரசமே காரணம் எனக் குமமோட்டோப் பல்கலைக்கழகத்தார் 1959-இலேயே கூறினர். பின்னர்ச் சிப்பியிலிருந்தே அந்நஞ்சைப் பிரித்தும் எடுத்தனர். எனினும் ஆலைக் கழிவே காரணம் என்று அரசு ஏற்றது 1968 செப்டம்பரில்தான். பன்னிரண்டு ஆண்டுகள்! ஜூருவில் மினமாட்டா நோய் நேரவில்லை. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பிழை. ஒப்புமை சிப்பியின் சாட்சியத்தில் மட்டுமே.

நன்கு வேகவைத்தால் தீங்கில்லை என்பார் உளர். கிருமிக்கு அது பொருந்தும். 1988-இல் ஷாங்காயில் அரைவேக்காட்டு மட்டியால் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேருக்கு மஞ்சட்காமாலை கண்டது. நன்கு கொதிக்க வைத்திருந்தால் அந்நோய் அத்துணை பரவியிராது. உலோகமோ கொதியில் அழியாது. ஆதலின் சட்டியை நம்பாமல் அளவை நம்பி, 1985-ஆம் ஆண்டின் மலேசிய உணவு விதிமுறைகள் கடலுணவில் ஈயம் கிலோவுக்கு 2 மில்லிகிராம், காட்மியம் 1 மில்லிகிராம் என வரம்பு கட்டின.

2010-க்குப் பின் இந்நாட்டின் கெராங் விளைச்சல் பெரிதும் சரிந்தது. குஞ்சுகள் அருகியமை, நீர் கெட்டமை, கரையோர மாற்றங்கள் எனக் காரணம் பல கூறுவர். உலோகத்தின் மீதே முழுப் பழியையும் சுமத்துவது நேர்மையாகாது. ஆனால் சேற்றை விட்டு நகர மாட்டாத கெராங்குக்கு, வந்த கேடுகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகவே வந்து படிந்தன.