திருவாதிரை வெடித்தால் வானத்தில் ரெண்டாவது நிலாவா? போடி ஏலத்தோட்டங்களுக்கு என்ன ஆகும்?

மார்கழி முன்னிரவில் போடிநாயக்கனூரில் இருந்து கிழக்கே பார்த்தால், செம்மஞ்சளாக மின்னுவது திருவாதிரை நட்சத்திரம். ஆயுளின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் இது, சுமார் ஒரு லட்சம் ஆண்டுகளுக்குள் வெடிக்கும் என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு.

வெடிச்சா எப்படி இருக்கும்?

கிட்டத்தட்ட பாதி நிலா வெளிச்சம், ஒரே புள்ளியில். பகலிலும் தெரியும். சோழர் காலத்தில், 1054-ல் வெடித்த ஒரு நட்சத்திரம் 23 நாட்கள் பகலிலேயே தெரிந்ததாகச் சீனக் குறிப்புகள் சொல்கின்றன.

வெயில் கூடுமா?

கூடாது. முழுநிலவைவிட சூரியன் சுமார் 4 லட்சம் மடங்கு பிரகாசம். அதனால் மர நிழலில் வளரும் ஏலச்செடிக்குக் கூடுதல் சூடு இல்லை. ஏலப்பூவுக்கு வரும் தேனீக்களும் பகலில் வேலை செய்பவைதான்.

அப்போ யாருக்குச் சிக்கல்?

இருட்டை நம்பி வாழும் பூச்சிகள், வௌவால்களுக்கு. மார்கழி, தை மாதங்களில் அமாவாசையன்றுகூட முழு இருட்டு இருக்காது. ஆனியில் திருவாதிரை சூரியனோடு பகலிலேயே போய்விடுவதால் இரவு பழையபடி இருட்டிவிடும்.

கதிர்வீச்சு ஆபத்தா?

சுமார் 30 ஒளியாண்டுக்குள் வெடித்தால் ஓசோன் படலம் பாதிக்கப்படலாம். திருவாதிரை இருப்பதோ 500 ஒளியாண்டுக்கும் அப்பால். பயப்பட வேண்டியதில்லை.

முதல் தகவல் எப்படி வரும்?

வெளிச்சத்துக்கு முன்பே நியூட்ரினோ துகள்கள் வந்துவிடும். 1987-ல் வேறொரு நட்சத்திர வெடிப்பில் அவற்றை ஜப்பானின் காமியோகாண்டே ஆய்வகம் பதிவு செய்தது. போடி மலைப்பகுதியில் பொட்டிப்புரத்தில் திட்டமிடப்பட்டு, எதிர்ப்புக்கு உள்ளான ஆய்வகமும் நியூட்ரினோ ஆய்வுக்கானதுதான்.